ஆசிரியர் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்தால்

செங்குன்றம், சூரப்பட்டு, ஆவடி, கவரப்பேட்டை என்று வடசென்னைப் பிள்ளைகள் காலையில் பஸ் ஏறிப் போகிற பொறியியல் கல்லூரிகளுக்கெல்லாம் இணையதளம் உண்டு. அதில் துறைவாரியாக ஆசிரியர் பட்டியலும் உண்டு. கணினித் துறைப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள். அசிஸ்டன்ட் புரொபசர் வரிசையில் பெண் பெயர்கள் நிறைய இருக்கும். அசோசியேட் வரிசையில் குறையும். புரொபசர், ஹெச்ஓடி எனும் துறைத் தலைவர், டீன் என்று ஏற ஏறப் பெரும்பாலும் ஒன்றிரண்டாகிவிடும். பட்டியலில் தெரியாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர், இஸ்லாமியர், மாற்றுத்திறனாளிகள் அந்தக் கீழ் வரிசையிலாவது எத்தனை பேர்? தனியார் கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், அப்படி ஒரு கணக்கையே பலர் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள். பெண்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள், மேலே போக முடிவதில்லை. மற்றவர்களுக்கு வாசலிலேயே தடை. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கப் போய்த்தான் மகளிர் தினச் சிறப்பு விருந்தினர், ஒரு கருத்தரங்கு, நாக் தரமதிப்பீட்டு ஃபைலுக்கு நாலு போட்டோ என்று விஷயம் முடிந்துபோகிறது.

வெளிநாட்டு மாதிரிகளை அப்படியே கொண்டுவந்தாலும் இதே சிக்கல்தான். அறிவியல், பொறியியல் துறைகளில் பெண் ஆசிரியர்களை உயர்த்த என்று அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை கொண்டுவந்த அட்வான்ஸ் திட்டம் 2001-இல் தொடங்கியது. இதே நோக்கத்தில் கல்வி நிறுவனங்களுக்குச் சான்று தரும் பிரிட்டனின் அதீனா ஸ்வான் 2005-இல் வந்தது. அதைப் பார்த்து நம் ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020-இல் ‘கதி’ என்ற திட்டத்தை அறிவித்தது. அந்த நாடுகளில் கணினி வகுப்பிலேயே பெண்கள் குறைவு, அதனால் ஆள் சேர்ப்பதே அவர்களுக்கு ஒரு பெரிய கவலை. நம் ஊர் பி.இ. கணினி வகுப்பில் பெண்களுக்குக் குறைவில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது என்று எனக்குத் தோன்றுவது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரைட் குழு. 2002-இலிருந்து அங்கே மூத்த அறிவியல், பொறியியல் பேராசிரியர்களே தேர்வுக் குழுவில் உட்காரப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வெளியாள் வந்து உபதேசம் செய்தால் கேட்காத புரொபசர், சக புரொபசர் ஆய்வு முடிவுகளைக் காட்டிப் பேசினால் காது கொடுக்கிறார்.

நம் தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப்-இலும் இதற்கு மார்க் உண்டு. மாணவரில் 50% பெண்கள், ஆசிரியரில் 20% பெண்கள் இருந்தால் அந்தப் பிரிவில் முழு மார்க். எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்ற கேள்வியே அந்தக் கணக்கில் கிடையாது. ஒரு பெண் புரொபசர்கூட இல்லாத கல்லூரி, அசிஸ்டன்ட் புரொபசர்களை வைத்தே 20 விழுக்காட்டைத் தாண்டி முழு மார்க் வாங்கிவிடலாம். ஆகவே என்ஐஆர்எஃப் மார்க்கைக் காட்டி ‘எங்கள் துறையில் பிரச்சினை இல்லை’ என்று யாராவது சொன்னால், பதவிவாரியாகப் பிரித்துக் கேளுங்கள்.

இனச்சுழற்சிப் பதிவேடு

அரசு நிறுவனங்களில் நம் மாநிலத்தின் 69% இட ஒதுக்கீடு பொருந்தும். பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 பொது. எத்தனையாவது நியமனம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகக் குறிப்பதுதான் இனச்சுழற்சி. அது 200 புள்ளி கொண்டது, அதாவது 200 நியமனத்துக்கு ஒரு சுற்று. அந்த 200-இல் அருந்ததியருக்கு 6 இடம், பழங்குடியினருக்கு 2.

இதை எந்த அலகுக்குப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு துறையில் ஆண்டுக்கு 60 பேர் சேர்ந்தால் நான்கு ஆண்டுக்கு 240 மாணவர்கள். தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ சொல்கிற 20-க்கு 1 கணக்கில் 12 ஆசிரியர்கள். 1:2:6 என்று பதவி பிரித்தால் புரொபசர் ஒருவர், அசோசியேட் இரண்டு மூன்று பேர், அசிஸ்டன்ட் எட்டுப் பேர். இந்த எட்டு இடத்துக்கு மட்டும் தனிச் சுழற்சி ஓட்டினால் பழங்குடியினரின் முறை எப்போது வரும்? ஒரு ஆசிரியர் சேர்ந்தால் 30 வருடம் அந்த நாற்காலியில் இருப்பார். நூறு நியமனத்துக்கு ஒன்று என்றால் பேரன் காலத்திலும் வராது. ஒரே ஒரு புரொபசர் பணியிடம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒற்றைப் பணியிடத்துக்கு இட ஒதுக்கீடு கிடையாது என்று 1998-இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஒன்றிய அரசு நிறுவனங்களில் இதே சண்டை பெரிதாக நடந்தது. 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையை அலகாக வை என்றது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அதன்படி சுற்றறிக்கை விட்டது. 13 புள்ளிச் சுழற்சியில் 4, 8, 12-ஆவது இடங்கள் ஓபிசிக்கு, 7-ஆவது எஸ்சிக்கு, எஸ்டிக்கு 14-ஆவது. அதாவது 13 பேர் துறையில் எஸ்டிக்கு ஒன்றும் இல்லை. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2019 மார்ச்சில் அவசரச் சட்டம், ஜூலையில் சட்டம் என்று வந்து, நிறுவனம் முழுதும் ஒரே அலகு என்றானது. ஐஐடிகளுக்கும் இது பொருந்தும். மாநில அரசின் கல்லூரிகளில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: கல்லூரி முழுவதற்கும் பதவிவாரியாக ஒரே பதிவேடா, துறைக்குத் துறை தனியா?

பதிவேடு சரியாக இருந்தும் கணக்கு தப்பாகிற இடங்கள் உண்டு. பொதுப்பிரிவில் மார்க் அடிப்படையிலேயே தேர்வான எஸ்சி விண்ணப்பதாரரை எஸ்சி ஒதுக்கீட்டில் கழித்துவிடுவது அதில் ஒன்று. அவர் பொது இடத்தில்தான் சேர வேண்டும், ஒதுக்கீட்டு இடம் இன்னொருவருக்குப் போக வேண்டும். பெண்கள் ஒதுக்கீடு குறுக்குவாட்டில் ஓடுவது. அதை எம்பிசி, எஸ்சி மாதிரி தனிப் பிரிவாக எண்ணினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு பிரிவிலும் தகுதி வரிசையில் வந்த பெண்களை முதலில் எண்ணி, போதாத எண்ணிக்கைக்கு மட்டும் இறங்கி எடுக்க வேண்டும். 2007-இல் ராஜேஷ் குமார் தாரியா வழக்கிலும் 2020-இல் சௌரவ் யாதவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. இட ஒதுக்கீட்டுப் பிரிவுப் பெண்ணும் பொதுப்பிரிவுப் பெண்கள் இடத்துக்குப் போட்டியிடலாம் என்பது இரண்டாவது தீர்ப்பின் சாரம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ‘என்எஃப்எஸ்’. தகுதியானவர் யாரும் கிடைக்கவில்லை என்று நேர்காணல் குழு எழுதும் மூன்றெழுத்து. பாதி நேரம் இது விளம்பரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அருந்ததியர் பிரிவுக்கு ஒரே இடம், அதற்கு ‘விஎல்எஸ்ஐ பிசிகல் டிசைனில் முனைவர் பட்டம்’ என்று குறுக்கினால், மாநிலம் முழுக்கத் தேடினாலும் நாலு பேர் தேறுவார்களா? அந்த இடத்தை ‘மின்னணுத் தொடர்பியலில் எந்தச் சிறப்புப் பிரிவும்’ என்று திறந்துவிட்டு, குறுகிய நிபுணத்துவத் தேவையைப் பொது இடங்களில் வைத்துக்கொள்ளலாம். மீறியும் ஆள் கிடைக்கவில்லை என்றால், வந்த ஒவ்வொருவரும் முன்பே எழுதி வைத்த எந்த அளவுகோலில் எத்தனை மார்க்கில் தவறினார் என்று குழு தனித்தனியாக எழுத வேண்டும். இந்த விதி ஒன்று இருந்தாலே என்எஃப்எஸ் எழுத மனசு கொஞ்சம் தயங்கும்.

கணினிப் பாடம் எந்த ஷிப்டில் இருக்கிறது

தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் ஆசிரியர் நியமனத்துக்கு இட ஒதுக்கீடு செய்யச் சட்டக் கட்டாயம் இல்லை. 2005-இன் 93-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மாணவர் சேர்க்கையைப் பற்றியது. பொறியியலில் பெரும்பகுதி சுயநிதி என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு உதவி பெறும் கலைக் கல்லூரிகளிலும் கதை வேறல்ல. பழைய பாடங்களான கணிதம், வேதியியல், வரலாறு முதல் ஷிப்டில் உதவி பெறும் பிரிவில் இருக்கின்றன. பிசிஏ, கணினி அறிவியல், தகவல் தொழில்நுட்பம் எல்லாம் பிற்பாடு வந்தவை என்பதால் பெரும்பாலும் சுயநிதி ஷிப்டில். ஒரே கட்டடம், ஒரே பிரின்சிபால், காலையில் இனச்சுழற்சி, மதியம் நிர்வாகத்தின் இஷ்டம். மாணவர்கள் முட்டி மோதிக்கொண்டு சேர்கிற பாடம் எதுவோ, அதன் ஆசிரியர் வேலையில் மேற்பார்வை இல்லை. அரசுக் கல்லூரியிலும் காலியிடத்தைக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வருடக்கணக்கில் ஓட்டினால், மேலே சொன்ன பதிவேடெல்லாம் காகிதத்தில் தூங்கும்.

ஆனால் கட்டாயம் இல்லை என்பதால் வழியே இல்லை என்றாகாது. தனியார் கல்லூரி நிர்வாகம் நினைத்தால் அரசாணை எதுவும் இல்லாமலே மாற்றக்கூடியவை ஏராளம். முதலாவது விண்ணப்பப் படிவம்.

வடசென்னையில் பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக், பிறகு இரண்டாம் ஆண்டில் நேரடியாக பி.இ., பிறகு கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.இ. என்று வருகிறவர்கள் அதிகம். எண்ணூர், மணலி தொழிற்சாலை வேலையை நம்பி டிப்ளமோ படிக்கிற பழக்கம் இங்கே தலைமுறையாக உண்டு. ஆன்லைன் விண்ணப்பத்தில் ‘பிளஸ் டூ மதிப்பெண்’ கட்டாயக் கட்டமாக இருந்தால் இவர்களால் படிவத்தைச் சமர்ப்பிக்கவே முடியாது. ஏஐசிடிஇ அசிஸ்டன்ட் புரொபசருக்குக் கேட்பது பி.இ.யும் எம்.இ.யும், அவற்றில் ஒன்றில் முதல் வகுப்பு. ‘பத்தாவதிலிருந்து எல்லாவற்றிலும் 60%’, ‘அரியர் இல்லாதவர்’, ‘படிப்பில் இடைவெளி கூடாது’, ‘ஐஐடி, என்ஐடி முன்னுரிமை’ இவையெல்லாம் கல்லூரிகள் தாமாகச் சேர்த்த வரிகள். ஒவ்வொரு வரியும் யாரை வெளியே தள்ளுகிறது என்று பாருங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிகளையும், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்களையும், பிள்ளைப்பேற்றுக்காக நிறுத்தித் தொடர்ந்தவர்களையும்தான். கற்பிக்கும் திறனுக்கும் பிளஸ் டூ மார்க்குக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை.

‘பெரிய இடத்தில் படித்தவர்’ என்ற முன்னுரிமையைப் பற்றி ஒரு தகவல். 2015-இல் ஆரன் கிளாசெட்டும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் கணினி அறிவியல் உட்பட மூன்று துறைகளின் ஆசிரியர் நியமனங்களை ஆராய்ந்தார்கள். நிரந்தரப் பாதையில் உள்ள ஆசிரியர்களில் 71 முதல் 86 விழுக்காட்டினர், கால்வாசி நிறுவனங்களில் இருந்து மட்டும் வந்தவர்கள். ஒரு துறை தன் மாதிரியே ஆட்களைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் அந்த வலைக்குச் சாதியும் சொந்த ஊரும் பின்னணி. கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை எந்தச் சமூகத்தினுடையதோ அந்தச் சமூகத்தார் ஸ்டாஃப் ரூமில் அதிகம் இருப்பார்கள். இதை வெளியே சொல்ல எல்லோரும் கூச்சப்படுகிறோம்.

வேலை காலியிருக்கிற செய்தி எப்படிப் போகிறது என்பதும் இதில் சேரும். ஹெச்ஓடி வாட்ஸ்அப்பில் ‘நல்ல பையன் இருந்தா சொல்லுங்க’ என்று போட்டால் அவருக்குத் தெரிந்தவர்களின் பையன்தான் வருவான். தமிழ், ஆங்கில நாளிதழ் ஒவ்வொன்றில் விளம்பரம், குறைந்தது 30 நாள் அவகாசம், கிண்டி, குரோம்பேட்டை, சேப்பாக்கம் வளாகங்களின் ஆராய்ச்சி மாணவர்களுக்கு நேரடிக் கடிதம், வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு பிரதி. மொத்தமாகவே சில ஆயிரம் ரூபாய் செலவுதான்.

நேர்காணல் அறைக்குள்

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, இனிஷியல்தான். அதனால் பெயரைப் பார்த்து ஒதுக்குகிற பிரச்சினை இங்கே குறைவு என்று நினைக்கத் தோன்றும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றாக இருந்தும் தலித் பெயர் கொண்ட விண்ணப்பத்துக்குத் தனியார் நிறுவனங்களிடமிருந்து அழைப்பு வரும் வாய்ப்பு, மேல்சாதி இந்துப் பெயருக்கு இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. இங்கே பெயர் சொல்லாததைக் கேள்விகள் தோண்டி எடுக்கின்றன. ‘சொந்த ஊர் எது?’, ‘அப்பா என்ன பண்றார்?’, ‘ஸ்கூல் எங்க படிச்சீங்க?’, ‘வியாசர்பாடியா... எந்தப் பக்கம்?’. பெண்களிடம், ‘கல்யாணம் ஆயிடுச்சா? குழந்தை எத்தனை? வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கிறார்?’. கேட்கிறவர் சகஜமாகப் பேசுவதாகத்தான் நினைப்பார். இந்தக் கேள்விகளுக்கு நேர்காணலில் இடமில்லை என்று எழுதி, குழுவினர் கையெழுத்துப் போட்டபின் உள்ளே அனுப்புங்கள். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் தந்தை பெயர், ஊர், சமூகப் பிரிவு இருந்தால் அலுவலகம் அதைத் தனியே வைத்துக்கொண்டு, எண் மட்டும் போட்ட பிரதியைக் குழுவுக்குத் தரலாம்.

மார்க் போடும் முறைக்கு ஒரு மாதிரி சொல்கிறேன். நூறில் மாதிரி வகுப்புக்கு 35, பாட ஆழத்துக்கு 25, ஆராய்ச்சித் திட்டத்துக்கு 20, லேப் மற்றும் புராஜெக்ட் வழிகாட்டலுக்கு 15, துறைக்கு இதுவரை இல்லாத ஏதாவது ஒரு திறமைக்கு 5. விண்ணப்ப உறையைப் பிரிக்கும் முன்பே இது முடிவாகியிருக்க வேண்டும். ஆட்களைப் பார்த்தபின் அளவுகோல் எழுதினால், மனசுக்குப் பிடித்தவருக்கு ஏற்ற மாதிரி அளவுகோல் வளையும். மாதிரி வகுப்பு 20 நிமிடம், நிஜ மாணவர்கள் இருக்க, எல்லோருக்கும் ஒரே தலைப்புப் பட்டியல், மூன்று நாள் முன்கூட்டியே தகவல். பாடக் கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றே. ஒவ்வொரு உறுப்பினரும் பேசத் தொடங்கும் முன் தன் மார்க்கை எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிட வேண்டும். இதில் வழக்கமாகக் கெடுவது இந்தக் கடைசிப் படிதான். நிர்வாகத்தின் கரஸ்பாண்டன்ட் முதலில் வாய் திறந்து ‘பையன் பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் பேனா அதன் பின்னாலேயே போகும். பதவியில் இளையவர் முதலிலும் மூத்தவர் கடைசியிலும் பேசுவது என்று வைத்தால் பாதி சரியாகும்.

ஆங்கிலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நேர்காணலில் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவருக்கு எல்லா வரிசையிலும் இரண்டு மார்க் கூடிவிடுகிறது, பாட ஆழத்திலும்கூட. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? 2021-இலிருந்து 7.5% ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் பொறியியலுக்கு வருகிறார்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மாநகராட்சிப் பள்ளியில் தமிழில் படித்தவர்களுக்கு ரிகர்ஷனைத் தமிழில் ஒரு தடவை சொல்லி, பின் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டத் தெரிந்தவர் பெரிய வரம். மாதிரி வகுப்பின் 35-இல் 10 மார்க்கை ‘ஒரு கருத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்குதல்’ என்று ஒதுக்கினால், இதுவரை குறை என்று பார்த்தது கணக்கில் கூடும்.

சம்பளம் பேசும் இடத்திலும் கசிவு உண்டு. 2012-இல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே தற்குறிப்பை, பாதிப் பேருக்கு ஜான் என்றும் பாதிப் பேருக்கு ஜெனிஃபர் என்றும் பெயர் போட்டுக் கொடுத்தார்கள். ஜானுக்குத் தரலாம் என்று அவர்கள் சொன்ன ஆண்டுச் சம்பளம் சராசரியாக 30,238 டாலர், ஜெனிஃபருக்கு 26,508. மார்க் போட்டவர்களில் பெண் பேராசிரியர்களும் இதே தவறைச் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் சுயநிதிக் கல்லூரியின் தொகுப்பூதியம் முழுக்கப் பேரத்தில் முடிவாவது. ‘உங்களுக்கென்னம்மா, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே’ என்பது நிஜமாகவே சொல்லப்படுகிற வாதம். தகுதி, அனுபவ ஆண்டு, சம்பளம் என்று மூன்று கட்டத்தில் ஓர் அட்டவணை போட்டு எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் பேரத்துக்கே இடமில்லை. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கத்தையும் அன்றே விட்டுவிடலாம். வேறு இடத்துக்குப் போக முடியாமல் மாட்டிக்கொள்வது எப்போதும் பலம் குறைந்தவர்கள்தான்.

ஏணி எங்கே உடைகிறது

இனி உள்ளே வந்தவர்கள். ஏஐசிடிஇயின் 2019 விதிப்படி நேரடியாக அசோசியேட் ஆக முனைவர் பட்டமும் 8 ஆண்டு அனுபவமும் வேண்டும், அதில் 2 ஆண்டு பட்டத்துக்குப் பிறகு. பெண்களுக்கு இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் அடிபடுகிறது.

முதல் இடம் மகப்பேறு. சட்டப்படி 26 வாரச் சம்பள விடுப்பு, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் இது உண்டு. நடைமுறையில் ‘ரிசைன் பண்ணிடுங்க, அப்புறம் வேகன்சி இருந்தா கூப்பிடறோம்’ என்பதை நிறைய இடங்களில் கேட்கலாம். திரும்பி வரும்போது சீனியாரிட்டி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 26 வாரம் என்பது ஏறக்குறைய ஒரு செமஸ்டர். ஆகவே ஒரு செமஸ்டருக்குத் தற்காலிக ஆசிரியரை நியமிப்பது கஷ்டமே இல்லை. அதைச் செய்யாமல் விடுப்பில் போனவரின் பாடங்களை மற்றவர்கள் தலையில் பிரித்துப் போடுகிறார்கள். அவர்கள் புலம்புகிறார்கள். அடுத்த நேர்காணலில் ‘லேடீஸ் எடுத்தா லீவு’ என்று அதே புலம்பல் வாதமாக வருகிறது. மிச்சம் பிடித்த சம்பளத்தின் விலை இதுதான்.

திரும்பி வந்த முதல் செமஸ்டரில் வாரம் 8 மணி நேர வகுப்பு, புதுப் பாடம் வேண்டாம், கிளாஸ் அட்வைசர் வேண்டாம் என்று வைத்தால் ஆராய்ச்சி அறுந்துபோகாது. இதை ‘ஆண் பெண் இருவருக்கும் ஒரே சலுகை’ என்று பொதுவாகக் கொடுப்பதில் ஆபத்து உண்டு. அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில் குழந்தை பிறந்தால் இருவருக்குமே நிரந்தரமாவதற்கான கெடுவை நீட்டித்தார்கள். 2018-இல் வந்த ஆய்வு, அதனால் ஆண்கள் நிரந்தரமாகும் விகிதம் கூடிப் பெண்களுடையது குறைந்தது என்று காட்டியது. ஆண்கள் கூடுதல் காலத்தில் கட்டுரை எழுதிவிட்டார்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதி வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கட்டுவதைவிட நேரம் பொருந்துவது முக்கியம். திருவொற்றியூரில் காலை ஆறரைக்குக் கல்லூரி பஸ் ஏறுகிறவரின் குழந்தையும் அந்த பஸ்ஸில்தான் வர வேண்டும். முன் வரிசையில் இரண்டு இருக்கையைக் குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஒதுக்காமல் காப்பகம் திறந்தால் அது ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் நிறைந்திருக்கும்.

பஸ்ஸைப் பற்றி இன்னும் ஒன்று. மாலை நாலே காலுக்கு பஸ் கிளம்புகிறது, துறைக் கூட்டம் நாலரைக்கு. முக்கிய முடிவுகள் சொந்த வண்டி வைத்திருப்பவர்களிடையே முடிந்துவிடும். கூட்டத்தை இரண்டாவது பீரியடுக்கு மாற்றுவது டைம்டேபிள் போடும் அன்றே முடிகிற காரியம். மணலி பக்கம் கன்டெய்னர் லாரி மறித்தால் எட்டரை மணி பயோமெட்ரிக்குக்கு அரை நாள் போகிற விதியையும் அப்போதே பாருங்கள். மாதம் மூன்று நாள் 20 நிமிடம் சலுகை கொடுத்தால் வானம் இடிந்துவிடாது.

இரண்டாவது இடம் வேலைப்பளு. யுஜிசி 2018 விதிப்படி வாரம் அசிஸ்டன்டுக்கு 16 மணி நேரம், அசோசியேட்டுக்கும் புரொபசருக்கும் 14. தாளில் ஒரே பதவியில் உள்ள எல்லோருக்கும் சமம். தாளில் வராத வேலைதான் கட்டுரை எழுதும் நேரத்தைத் தின்கிறது. என்பிஏ அங்கீகார ஃபைல், கிளாஸ் அட்வைசர், ஹாஸ்டல் துணை வார்டன், விழாவில் தொகுப்புரை, விருந்தினரை வரவேற்கச் சந்தனத் தட்டு. கடைசி இரண்டும் பெண்களுக்கென்றே எழுதிவைத்தது போல் ஆகிவிட்டது. எஸ்சி/எஸ்டி செல் பொறுப்பு எஸ்சி ஆசிரியர் தலையில். ஸ்காலர்ஷிப் படிவத்தில் ஏதாவது சந்தேகம் என்றால் மாணவர்களும் அவரைத்தான் தேடுவார்கள்.

இதற்கு மருந்து, எல்லாவற்றுக்கும் மணிக்கணக்குப் போட்டு ஒரே தாளில் ஒட்டுவது. தியரி ஒரு மணிக்கு 1. முதல் தடவை எடுக்கும் பாடம் என்றால் மணிக்கு அரை கூடுதல். லேப் மணியையும் 1 என்றே எண்ண வேண்டும், பாதியாக்கக் கூடாது. 60 பேருக்குக் கிளாஸ் அட்வைசர் வாரம் 2. என்பிஏ அளவுகோல் பொறுப்பாளர் 2. புகார்க் குழு, எஸ்சி/எஸ்டி செல் தலா 1. புராஜெக்ட் குழு ஒவ்வொன்றுக்கும் அரை. இந்த எண்களைத் துறைக் கூட்டத்தில் பேசி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் செமஸ்டர் தொடங்கும் முன் எல்லோர் பெயரும் மொத்தமும் பலகையில் இருக்க வேண்டும். ஒருவருக்கு 27, இன்னொருவருக்கு 17 என்று பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தால் ஹெச்ஓடியே திருத்துவார்.

பி.எச்டி. பாதையிலும் சின்ன விஷயங்கள்தான் தடுக்கின்றன. பகுதிநேர ஆய்வாளருக்கு வாரம் ஒரு வகுப்பில்லாத நாள், ஆய்வு முன்னேற்றத்தைப் பார்க்கும் டிசி மீட்டிங்குக்கு ஆன் டியூட்டி. முழுநேரமாகப் படிக்க நினைக்கிறவருக்குப் பண வழி வேண்டும். யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் ₹37,000. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்டது. மண்ணடி, ராயபுரம் பக்கத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வரக்கூடியவர்களுக்கு அது நேரடி அடி. கல்லூரிகள் இரண்டு மூன்று இடமாவது தங்கள் நிதியில் கொடுத்தால் ஐந்து வருடத்தில் அவர்களுக்கே ஆசிரியர் கிடைப்பார்.

சாய்தளமும் கணக்கும்

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டப்படி அரசுப் பணியில் 4%. அலுவலகம் பதவியைக் கொடுத்துவிடும், கட்டடம் உள்ளே விடாது. சாய்தளம் 1-க்கு 12 இருக்க வேண்டும். தரைமட்டம் 45 செ.மீ. உயரம் என்றால் 5.4 மீட்டர் நீளம். தண்ணீர் தேங்கும் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் படிக்கட்டு உயர்ந்துகொண்டே போகும். 90 செ.மீ. ஆகிவிட்டால் 10.8 மீட்டரும் நடுவில் ஒரு சமதளமும் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாக ஊற்றிய சாய்தளம் சக்கர நாற்காலியைப் பின்னால் கவிழ்க்கும். பார்வையற்ற ஆசிரியருக்கு என்விடிஏ திரைவாசிப்பான் இலவசம், ஆனால் சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால் அதனால் நேரடியாகப் படிக்க முடியாது. டைப் அடித்த கோப்பையே அனுப்பினால் முடிந்தது.

கடைசியாக எண்ணிக்கை. விண்ணப்பித்தவர், சுருக்கப் பட்டியலில் வந்தவர், நேர்காணலுக்கு வந்தவர், ஆணை பெற்றவர், சேர்ந்தவர், விலகியவர் என்று ஆறு கட்டம். ஒவ்வொன்றிலும் பாலினம், சமூகப் பிரிவு, மாற்றுத்திறன், பதவி. எந்தக் கட்டத்தில் கசிகிறது என்று பார்க்க, அமெரிக்க அரசு அமைப்புகள் 1978-இல் வகுத்த ஐந்தில் நான்கு விதி உதவும். 60 ஆண்கள் விண்ணப்பித்து 24 பேர் சுருக்கப் பட்டியலுக்கு வந்தால் 40%. 40 பெண்களில் 10 பேர் வந்தால் 25%. 25-ஐ 40-ஆல் வகுத்தால் 0.625. இது 0.8-க்குக் கீழே போனால் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும். தப்பு நடந்தது என்று இது நிரூபிக்காது, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை வெளியிடக் கூடாது, ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணும்போது நிஜமாக வேலை பார்ப்பவர்களை மட்டும் எண்ணுங்கள். ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிப் பட்டியலில் இருந்தது 2024-இல் வெளியே வந்து சிரிப்பாய்ச் சிரித்தது நினைவிருக்கும்.

தனியார் கல்லூரிகள் ஆள் எடுப்பது மே, ஜூன் மாதங்களில். அதற்குள் எல்லாம் ஆகாது. பதிவேட்டைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆகும், வேலைப்பளு அட்டவணைக்கு ஒரு செமஸ்டர் சண்டை போட வேண்டியிருக்கும். விண்ணப்பப் படிவத்தில் ‘பிளஸ் டூ அல்லது டிப்ளமோ’ என்று மாற்றுவதற்குச் சிஸ்டம் அட்மினுக்கு ஒரு மணி நேரம் போதும். அதை ஏப்ரலிலேயே செய்துவிடுங்கள்.